அப்ரண்டிஸுக்குப் பட்டம், முதலாளிக்கு என்ன லாபம்?

அரக்கோணத்தில் 'அப்ரண்டிஸ்' என்ற சொல்லுக்கு யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. இது ரயில்வே ஊர். எலெக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கிறது, பாலத்துக்கு கர்டர் செய்யும் ரயில்வே இன்ஜினியரிங் ஒர்க்‌ஷாப் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. "பையன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு பெரம்பூர்ல ஆக்ட் அப்ரண்டிஸ் பண்றான்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்த கேள்வியாக "முடிச்சா வேலை போடுவாங்களா?" என்றுதான் கேட்பார்.

அந்தக் கேள்வி எப்போதும் பையன் பக்கத்திலிருந்தே வருகிறது. எனக்கு மறுபக்கமும் தெரிய வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் தெரியாத ஒரு பையனைக் கூப்பிட்டு, மாதா மாதம் பணம் கொடுத்து, ஆள் வைத்துச் சொல்லியும் கொடுத்து, போதாததற்கு ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டமும் வாங்கித் தருகிறதே ஒரு நிறுவனம், அதற்கு என்ன லாபம்? காமர்ஸ் படிப்பவனுக்கு டெபிட் பக்கத்தைப் பார்த்தால் கிரெடிட் பக்கத்தையும் பார்க்கத் தோன்றும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

"டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்" என்ற பெயர் புதியது. இங்கிலாந்தில் 2015-ல்தான் அந்தப் பெயரில் திட்டம் வந்தது. ஆனால் விஷயம் பழையது. நம் சென்னையிலேயே இருநூறு வருடங்களுக்கு மேலான கதை இருக்கிறது.

டாப்பிங் துரையின் கணக்கு

கிண்டி பொறியியல் கல்லூரி எல்லாருக்கும் தெரியும். அதன் தொடக்கம் 1794-ல் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆரம்பித்த ஒரு சர்வே பள்ளி. ஆரம்பித்தவர் மைக்கேல் டாப்பிங். அவருக்குக் கல்விச் சேவை செய்ய வேண்டும் என்ற ஆசை ஒன்றும் முதல் காரணம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டும். கைக்கு வந்துவிட்ட ஊர்களில் எவ்வளவு நிலம், எங்கே ஏரி, எங்கே சாலை என்று தெரியாமல் வரி போட முடியாது. இங்கிலாந்திலிருந்து சர்வேயரை வரவழைத்தால் செலவு அதிகம், வந்தவர்கள் காய்ச்சலில் விழுந்தாலும் கேட்க ஆளில்லை. அதனால் சென்னையிலிருந்த அநாதை விடுதிப் பையன்களைப் பிடித்து, அளவு வேலையைச் சொல்லிக் கொடுத்து, வேலையிலேயே போட்டார்கள். படித்துக்கொண்டே வேலை, வேலை செய்துகொண்டே படிப்பு.

அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1859-ல் சிவில் இன்ஜினியரிங் கல்லூரி ஆகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 1978-லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதாவது நாம் இன்று பெரிய கல்லூரி என்று அண்ணாந்து பார்க்கும் இடம், ஒரு முதலாளி தன் தேவைக்காக வைத்த பயிற்சிக் கூடமாகத்தான் பிறந்திருக்கிறது. கல்லூரி முதலில், கம்பெனி பிறகு என்று நாம் நினைக்கிறோம். இங்கே வரிசை தலைகீழ்.

இதில் முதலாளிக்குக் கிடைத்த முதல் லாபம் தெளிவாகத் தெரிகிறது. சந்தையில் கிடைக்காத ஆளைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடிந்தது. அதுவும் வெளியிலிருந்து தருவிப்பதைவிடக் குறைந்த செலவில்.

ஜமால்பூர்: பட்டறைக்குள் ஒரு கல்லூரி

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்தப் பாதை நம் ஊர் வழியாகத்தான் போனது. நீராவி இன்ஜினை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்கள் அப்போது இங்கே கிடையாது. எந்தக் கல்லூரியும் அப்படிப்பட்டவர்களைத் தயார் செய்யவில்லை. ரயில்வே கம்பெனிகள் தங்கள் பட்டறைகளிலேயே அப்ரண்டிஸ் வைத்துப் பழக்கினார்கள்.

இதன் உச்சம் பீகாரில் உள்ள ஜமால்பூர். 1862-ல் கிழக்கிந்திய ரயில்வே அங்கே பட்டறை போட்டது. பிறகு பட்டறையோடு ஒரு தொழில்நுட்பப் பள்ளி சேர்ந்தது. 1927-ல் 'ஸ்பெஷல் கிளாஸ் அப்ரண்டிஸ்' என்ற முறை தொடங்கியது. இதில் சேருபவர் சாதாரண மெக்கானிக் ஆகப் போவதில்லை, ரயில்வேயின் அதிகாரி ஆகப் போகிறவர். சுதந்திரத்துக்குப் பின் யு.பி.எஸ்.சி. இதற்குத் தேர்வு நடத்தியது. பிளஸ் டூ முடித்த வயதில் எழுதலாம். தேர்வானவர்கள் வருடத்துக்குச் சில பத்துப் பேர்தான். நான்கு வருடம் ஜமால்பூரில் காலையில் பட்டறை, பிறகு வகுப்பு. ஸ்டைபண்டு உண்டு. முன்பெல்லாம் லண்டன் இன்ஸ்டிடியூஷன் தேர்வுகளை எழுதித் தகுதி பெற்றார்கள். பிற்காலத்தில் ராஞ்சி அருகே மெஸ்ராவில் உள்ள பி.ஐ.டி. இவர்களுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் கொடுத்தது. வேலை கொடுப்பவர் ரயில்வே, பட்டம் கொடுப்பவர் பல்கலைக்கழகம். இன்று டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்று சொல்வதற்கு இதைவிடச் சரியான முன்னோடி நம் நாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ரயில்வேக்கு என்ன கிடைத்தது? ஓர் உதாரணம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 அக்டோபரில் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பிலிருந்து 'ட்ரெயின் 18' வெளியே வந்தது. அதுதான் 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. அப்போது ஐ.சி.எஃப். பொது மேலாளராக இருந்து அதைச் செய்து முடித்தவர் சுதான்ஷு மணி. அவர் ஜமால்பூர் ஸ்பெஷல் கிளாஸ் அப்ரண்டிஸாக ரயில்வேக்குள் வந்தவர். ரயில்வே வாரியத் தலைவராக இருந்த அஷ்வனி லோஹானியும் அதே வழியில் வந்தவர்தான். பதினெட்டு வயதில் உள்ளே வந்தவர்கள் பலர் ஓய்வு வரை அதே நிறுவனத்தில் இருந்தார்கள். இது இரண்டாவது லாபம். ஆள் நிலைக்கிறார், நிறுவனத்தின் ஒவ்வொரு நட்டும் போல்ட்டும் அவருக்குத் தெரிகிறது. இந்த அறிவை எந்த விளம்பரம் போட்டும் வெளியிலிருந்து வாங்க முடியாது.

2010-களின் நடுவில் இந்தத் தேர்வு நிறுத்தப்பட்டது. இன்ஜினியர்கள் ஊருக்கு ஊர் கிடைக்கும்போது நாமே எதற்குப் பதினெட்டு வயதுப் பையனை வளர்க்க வேண்டும் என்ற நினைப்பு இதில் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. வேடிக்கை என்னவென்றால், 2018-லேயே அதே ரயில்வே வதோதராவில் தனக்கென்று ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. 2022-ல் அது கதி சக்தி விஸ்வவித்யாலயா என்ற மத்தியப் பல்கலைக்கழகம் ஆனது. நிறுத்தியதும் தேவைப்பட்டிருக்கிறது!

கோவையும் ஸ்டுட்கார்ட்டும்

அரசாங்கம் செய்தது சரி, தனியார் செய்தார்களா? செய்தார்கள். கோவை பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-ல் தொடங்கியது. அதே வருடம் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வந்தது. பம்பு, மோட்டார் செய்யும் உண்மையான தொழிற்சாலை அது. 1951-ல் பக்கத்திலேயே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி. இங்கே 'சாண்ட்விச்' பி.இ. என்று ஐந்து வருடப் படிப்பு வந்தது. படிப்புக்கு நடுவே நடுவே தொழிற்சாலை வேலை. ரொட்டிக்கு நடுவில் காய் வைப்பது போல! விவசாயத்துக்கு பம்பு செட் கேட்டு வரிசை கட்டிய காலத்தில், லேத் முன்னால் நின்று பழகிய இன்ஜினியர்கள் கோவைக்குக் கிடைத்தார்கள்.

வெளிநாட்டில் பார்த்தால், அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-லேயே படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைக்கும் முறையைத் தொடங்கினார். ஜெர்மனியில் 1972-ல் டைம்லர்-பென்ஸ், போஷ், எஸ்.இ.எல். ஆகிய கம்பெனிகள் சேர்ந்து ஸ்டுட்கார்ட்டில் ஒன்று ஆரம்பித்தன. அங்கே பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாரும் பல்கலைக்கழகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள் அப்ரண்டிஸாக வருவது குறைந்தது. "அப்ரண்டிஸ் வேண்டும் என்றால் பட்டமும் சேர்த்துத் தர வேண்டும்" என்று கம்பெனிகள் புரிந்துகொண்டன. 1974-ல் மாநில அரசு இதைத் தன் கல்வி முறையில் சேர்த்தது. 2009-ல் அது பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தது.

இது மூன்றாவது லாபம். பட்டம் என்ற தூண்டில் இருந்தால் நல்ல மாணவர்கள் வருகிறார்கள். நம் ஊரில் இது இன்னும் பொருந்தும். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.காம்., பி.இ. போடாவிட்டால் நமக்குத் தூக்கம் வராதே!

விப்ரோ செய்த வேலை

1990-களில் கணினிக் கம்பெனிகள் வேகமாக வளர்ந்தன. எல்லாரும் பி.இ. ஆட்களையே துரத்தினார்கள். சம்பளம் ஏறியது, எடுத்தவர்கள் ஒரு வருடத்தில் வேறு கம்பெனிக்குத் தாவினார்கள். 1995-ல் விப்ரோ ஒரு காரியம் செய்தது. பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து, பிலானியில் உள்ள பி.ஐ.டி.எஸ்.ஸோடு சேர்ந்து நான்கு வருட எம்.எஸ். படிப்பைக் கொடுத்தது. வாரநாளில் வேலை, வார இறுதியில் வகுப்பு. வேலையில் இருப்பவர்களுக்குப் பட்டம் தரும் திட்டத்தை பி.ஐ.டி.எஸ். 1979-லிருந்தே நடத்தி வந்தது. பிற்பாடு வேலூர் வி.ஐ.டி.யும் விப்ரோவோடு இதே போல் சேர்ந்தது.

கணக்கைப் பாருங்கள். பி.எஸ்சி. படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள், அவர்களைத் துரத்த ஆள் இல்லை. படிப்பு நான்கு வருடம், நடுவில் வேலையை விட்டால் பட்டமும் போகும். அதனால் நான்கு வருடம் ஆள் நகர மாட்டார். பாடத்திட்டத்தில் கம்பெனியின் பேச்சும் எடுபடும். பிள்ளைகளுக்கும் லாபம்தான். காசு கட்டி எம்.சி.ஏ. படிக்க முடியாத குடும்பங்களில் சம்பளத்தோடு மேற்படிப்பு கிடைத்தது. பிறகு எச்.சி.எல். கம்பெனி 'டெக்பீ' என்று பிளஸ் டூ முடித்தவர்களையே எடுக்க ஆரம்பித்தது. பயிற்சி முடிந்து வேலை செய்துகொண்டே பி.ஐ.டி.எஸ்., தஞ்சாவூர் சாஸ்த்ரா போன்ற இடங்களில் பட்டம் படிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. முதலில் ஐ.டி.ஐ. மாதிரித் தொழில்களுக்குத்தான். 1973 திருத்தத்தில் இன்ஜினியரிங் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் சேர்ந்தார்கள். 2014 திருத்தத்தில்தான் இன்ஜினியரிங் அல்லாத பட்டதாரிகளுக்கும், அதாவது எங்களைப் போன்றவர்களுக்கும், கதவு திறந்தது. 2020-ல் யு.ஜி.சி. பட்டப்படிப்புக்குள்ளேயே அப்ரண்டிஸ்ஷிப்பைச் சேர்க்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. இப்போது மூன்று வருட பி.காம்.மில் சில செமஸ்டர்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பழகி, அதற்கே கிரெடிட் வாங்க முடியும்.

காமர்ஸ்காரர்களுக்கு இது முற்றிலும் புதிதும் இல்லை. சி.ஏ. படிப்பவர்களின் ஆர்ட்டிகிள்ஷிப் என்ன? ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர் பார்த்துப் பார்த்துத்தான் ஆடிட்டர் ஆக முடியும். மூன்று வருடமாக இருந்ததை 2023-ல் இரண்டு வருடமாகக் குறைத்தார்கள். சட்டப்படி ஆடிட்டர் நிறுவனம் இதற்கு ஸ்டைபண்டு தர வேண்டும். நம் நாட்டின் ஆடிட் தொழில் பெருமளவு இந்தப் பிள்ளைகளின் தோளில் நிற்கிறது என்றால் மிகை இல்லை.

சட்டத்தில் முதலாளிக்குச் சாதகமான விஷயங்கள் மூன்று உண்டு.

1. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பாதுகாப்பு, வேலை நேரம், விபத்து நஷ்டஈடு போன்றவை உண்டு. பொதுவான தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது. பி.எஃப். போன்ற செலவும் இல்லை.

2. ஸ்டைபண்டில் அரசாங்கம் பங்கு கொடுக்கிறது. 2019 விதிகளில் பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதி மத்திய அரசுடையது.

3. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிறுவனம் தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் 1995-ல் உத்தரப் பிரதேச போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. டீக்கடைக் கேள்விக்கு இதுதான் சட்டத்தின் பதில்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

இது நானே போட்ட உதாரணம். எந்தக் கம்பெனியின் கணக்கும் இல்லை, எண்கள் எல்லாம் வசதிக்காக.

ஒரு கம்பெனி பி.காம். படித்த ஒருவரை மாதம் 18,000 சம்பளத்தில் எடுக்கிறது. முதல் ஆறு மாதம் அவரால் பாதி வேலைதான் செய்ய முடியும். ஆறு மாதச் சம்பளம் 1,08,000. அதில் பாதி, 54,000, பலன் இல்லாமல் போகிறது. விளம்பரம், இண்டர்வியூ செலவு 20,000 என்று வைப்போம். மொத்தம் 74,000. அவர் ஒரு வருடத்தில் கிளம்பிவிட்டால் மறுபடி 74,000.

இப்போது அதே கம்பெனி ஒரு கல்லூரியோடு சேர்ந்து அப்ரண்டிஸ் எடுக்கிறது. ஸ்டைபண்டு 9,000. அரசாங்கப் பங்கு 4,500 போனால் கம்பெனிக்கு 4,500. வருடத்துக்கு 54,000. சொல்லிக் கொடுக்கும் சீனியரின் நேரத்துக்கு மாதம் 3,000 வைத்தால் 36,000. மொத்தச் செலவு 90,000. அந்தப் பிள்ளை முதல் ஆறு மாதம் கால்வாசி வேலை, அடுத்த ஆறு மாதம் முக்கால்வாசி வேலை செய்கிறது. 18,000 சம்பள அளவில் பார்த்தால் 27,000 + 81,000 = 1,08,000 மதிப்புள்ள வேலை. ஆக 18,000 லாபம். அதற்கு மேல், ஒரு வருடம் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆள் என்பதால் அரை மணி நேர இண்டர்வியூவை நம்ப வேண்டியதில்லை. இது நான்காவது லாபம். ஆளைத் தெரிந்துகொண்டு எடுக்கலாம். பொண்ணு பார்க்கப் போய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வருவதற்கும், பக்கத்து வீட்டிலேயே வளர்ந்த பிள்ளையைக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அந்த 36,000

மேலே உள்ள கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. சீனியரின் நேரத்துக்கு வைத்த 36,000-ஐப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தில் அது தனியாகத் தெரியாது. அவர் சம்பளத்துக்குள் மறைந்துவிடும். அவசரக்கார முதலாளி, "எதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? பையன்தான் வந்துவிட்டானே, ஜெராக்ஸ் எடுக்கட்டும், மூட்டை எண்ணட்டும்" என்று நினைத்தால் அந்த 36,000 மிச்சம். மேலோட்டமாகப் பார்த்தால் லாபம் 54,000 ஆகிவிடும். சொல்லிக் கொடுக்காத பிள்ளை இரண்டாவது ஆறு மாதத்தில் முக்கால்வாசி வேலைக்கு வரவே வராது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியாது. வருடம் முடிந்ததும் அவனை அனுப்பிவிட்டு இன்னொருவன். வேலை கொடுக்கும் கட்டாயமும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை, பாதிப் பணம் அரசாங்கத்துடையது.

இப்படிச் செய்பவருக்கு அப்ரண்டிஸ் என்பது மலிவான கூலிக்கு இன்னொரு பெயர். ஆனால் நான் மேலே சொன்ன நான்கு லாபங்களில் எதுவும் அவருக்குக் கிடைக்காது. ஆளை உண்டாக்கவில்லை, ஆள் நிலைக்கவில்லை, பெயர் கெட்டால் நல்ல மாணவர்கள் வர மாட்டார்கள், மூட்டை எண்ணுபவனின் திறமையை வைத்து அவனைத் தெரிந்துகொள்ளவும் முடியாது. கையில் நிற்பது அந்த வருடத்து ஸ்டைபண்டு மிச்சம் மட்டும்.

பல்கலைக்கழகக் கூட்டாளி எதற்கு வேண்டும் என்பது இங்கேதான் புரிகிறது. பட்டம் கொடுப்பது மட்டும் அதன் வேலை இல்லை. கிரெடிட் கொடுப்பவர் "என்ன கற்றுக் கொடுத்தாய்?" என்று கேட்க உரிமை உள்ளவர். அந்தக் கேள்வி இருக்கும் வரை 36,000-ஐ வெட்ட முடியாது. ஜமால்பூரில் தேர்வு வைத்தார்கள், ஆடிட்டர் ஆபீசில் பழகியவனுக்கு சி.ஏ. இறுதித் தேர்வு இருக்கிறது. கல்லூரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்ரண்டிஸும் இல்லை, பட்டமும் இல்லை. இங்கிலாந்தில் 2017-லிருந்து முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்களிடம், அந்த வரம்புக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதம் அப்ரண்டிஸ் வரியாக வாங்குகிறார்கள். பயிற்சி கொடுத்தால் அதிலிருந்தே செலவு செய்யலாம். கட்டிய பணம் வீண் போகக்கூடாது என்று முதலாளிகளே பயிற்சியைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். நம் ஊரில் அரசாங்கம் பணம் கொடுக்கிறது, அங்கே வாங்குகிறது. எது நல்லது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

முடிவாக

டாப்பிங் முதல் டெக்பீ வரை பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் முதலாளிகள் தாங்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆள் மலிந்த காலத்தில் "கல்லூரி சொல்லிக் கொடுக்கட்டும்" என்று விட்டுவிட்டு, பிறகு "வர்ற பசங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று குறை சொல்கிறார்கள். நீண்ட காலம் லாபம் பார்த்தவர்கள் சொல்லிக் கொடுத்தவர்கள்தான்.

இந்த வகைப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லி முடிக்கிறேன். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். எனக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர் யார், அவர் பெயர் என்ன? ஆறு மாதம் கழித்து என்ன வேலையைத் தனியாகச் செய்யத் தெரிந்திருக்கும்? போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேரை நீங்களே வேலைக்கு எடுத்தீர்கள்? நல்ல நிறுவனம் மூன்றுக்கும் உடனே பதில் சொல்லும். ஏனென்றால் அந்த மூன்று பதிலிலும்தான் அதன் லாபமும் இருக்கிறது.